கானா கோகோ பாதியானது மழை தப்பியதாலா, காட்டை வெட்டியதாலா?

மழைமானி: மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் கோகோ அறுவடை 2020-21-ல் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. 2023-24-ல் சுமார் 5.3 லட்சம் டன்தான். பருவம் தப்பியதே முதல் காரணம். 2023-ல் கொட்டிய மழையில் காயைக் கருக்கி அழுகவைக்கும் கருங்காய் அழுகல் நோய் பரவியது. பிறகு ஹர்மட்டான் என்னும் சகாராப் புழுதிக்காற்றில் பிஞ்சுகள் கருகின. கோகோவுக்கு ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மி.மீ. மழை தேவை. மாதம் 100 மி.மீ.க்குக் கீழே போகும் காலம் மூன்று மாதத்தைத் தாண்டவும் கூடாது.

காட்டுநிழல்: மழைக்கணக்கு சரிதான், ஆனால் 'முதல் காரணம்' என்பதை ஏற்க மாட்டேன். கோகோ பெருமரங்களின் நிழலில் வளரும் சிறுமரம். அந்த மரங்களை வெட்டிவிட்டு வெட்டவெயிலில் கலப்பின ரகங்களை நட்டார்கள். காட்டுமண்ணின் சத்து இருக்கும்வரை காய்த்தது. சத்து தீர்ந்ததும் அடுத்த காட்டுக்குப் போனார்கள். கிழக்கே தொடங்கிய சாகுபடி அப்படித்தான் மேற்கு எல்லைவரை நகர்ந்தது. இனி நகர்வதென்றால் காப்புக்காட்டுக்குள்தான்.

இன்னொன்று. கோகோப் பூவில் மகரந்தம் சேர்ப்பது கொசுவைவிடச் சிறிய ஒரு ஈ. அது பெருகுவது ஈரச் சருகிலும் அழுகும் வாழைத்தண்டிலும். சருகு காய்ந்து கிடக்கும் தோட்டத்தில் பூ பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. இந்தப் பழியை மழைமேல் போடலாமா?

மழைமானி: நிழல் எல்லா இடத்திலும் காப்பாற்றுவதில்லை, நண்பரே. 2015-16 வறட்சியில், கானாவின் வறண்ட ஓரப்பகுதியில், நிழல் மரத்தடியில் இருந்த கோகோ வெட்டவெயிலில் இருந்ததைவிட அதிகம் செத்தது. மண்ணில் இருந்த கொஞ்ச நீருக்கு இரண்டும் போட்டியிட்டன. நிழல் அடர்ந்தால் காற்றோட்டம் குறைந்து அழுகலும் கூடும்.

காட்டுநிழல்: அதை மறுக்கவில்லை. எந்த மரம், எத்தனை மரம் என்பதே கேள்வி. கானாவில் பரிந்துரை ஹெக்டேருக்கு 15 முதல் 18 பெரிய மரங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் நட்டால் ஒரு ஹெக்டேரில் கோகோ மரம் 1,111 வரும். அவற்றுக்கு மேலே உயரத்தில் கிளை விரிக்கும் டெர்மினாலியா போன்ற மரம் இருக்கட்டும், கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்துவிடுங்கள். வெயில் புள்ளி புள்ளியாகத் தரையில் விழவேண்டும், அதுதான் அளவு. இலவமரம் மட்டும் வேண்டாம், கோகோவின் தண்டை வீங்கவைக்கும் வீங்குதண்டு வைரஸை அது சுமக்கும்.

பயிர்க்காவல்: அந்த வைரஸை இருவருமே ஓரத்தில் வைத்துவிட்டீர்கள். மாவுப்பூச்சி பரப்பும் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. நோய்கண்ட மரத்தையும் அதைத் தொட்டு நிற்பவற்றையும் வேரோடு எடுக்கவேண்டும். பழைய தோட்டத்துக்கும் புதுக்கன்றுக்கும் நடுவே 10 மீட்டர் அகலத்தில் ஆரஞ்சோ எண்ணெய்ப்பனையோ வைத்தால் பூச்சி தாண்டிவருவது குறையும். புதுக்கன்று காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை வருமானம் இல்லாத விவசாயியிடம்தான் அனுமதியில்லாமல் தங்கம் தோண்டுபவர்கள் பணத்தோடு வருகிறார்கள். மேல்மண்ணைப் புரட்டிப் போட்டபின் அந்த நிலத்தில் கோகோ எங்கே வேர்பிடிக்கும்?

மழைமானி: மறுநடவு என்றீர்களே, என் கவலையே அங்குதான். மழை தொடங்கியதும் கன்று வைத்தால்தான் டிசம்பருக்குள் வேர் ஆழம் போகும். மழை ஒரு மாதம் தள்ளிப்போனால் கன்றுக்குத் துணையாக நட்ட வாழையின் நிழல் இருந்தும் முதல் வறண்ட பருவத்திலேயே கன்று காய்ந்துவிடும். நிழல் மரம் நடச் சொல்லுங்கள், நானும் சொல்வேன். ஆனால் அந்த நிழல் மரக்கன்றுக்கும் அதே மழைதானே வேண்டும்?