சிப்காட்டில் வேலை போனது: ரெட்டிச்சாவடியில் மரச்செக்கு போட்டு பாண்டிக்கு எண்ணெய் அனுப்பலாமா?

ரெட்டிச்சாவடி_ஃபிட்டர்

வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மெக்கானிக்கல் ஃபிட்டராக 16 வருடம். ஆட்குறைப்பில் வெளியே வந்தாயிற்று. வயது 43, ஐடிஐ, எம்பிசி. பி.எஃப்பைத் தொடாமல் கையில் 9 லட்சம் இருக்கிறது. ரெட்டிச்சாவடியில் ரோட்டை ஒட்டி 600 சதுர அடி ஷெட், சொந்த இடம். இரண்டு மரச்செக்கு போட்டு மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி, பாண்டிச்சேரி கடைகளுக்குப் போடலாம் என்று யோசனை. மெஷின்காரர் இந்த வாரமே 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் விலை குறைப்பதாகச் சொல்கிறார். மானியக் கடன் வாங்குவதா, கைப்பணத்தையே போடுவதா? ஷெட்டை இங்கேயே வைப்பதா, பார்டர் தாண்டிப் புதுச்சேரியில் கன்னியக்கோயில் பக்கம் வாடகைக்கு எடுப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெண்ணைக்கரை

முதலில் அந்த அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானியம் புது யூனிட்டுக்குத்தான். பேங்க் சாங்ஷன் ஆவதற்கு முன்னால் மெஷினை வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டால் அது பழைய யூனிட், மனு அங்கேயே நின்றுவிடும். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டியது ஜிஎஸ்டி எண் போட்ட கொட்டேஷன் மட்டும்தான், அதற்கு யாரும் பணம் கேட்க மாட்டார்கள்.

கணக்கு இப்படி வரும். ஊராட்சிப் பகுதி என்றால் அந்தத் திட்டத்தில் கிராமப்புறம். அங்கே பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம். பி.சி., எம்.பி.சி., பெண்கள் எல்லாம் சிறப்புப் பிரிவு, அவர்களுக்கு 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். கடலூர் மாநகராட்சிக்குள் போனால் அதே 35 என்பது 25 ஆகிவிடும். ஆகவே ஷெட்டை ரெட்டிச்சாவடியிலேயே வைப்பது லாபம். 10 லட்சம் திட்டத்துக்கு நீங்கள் போடுவது 50 ஆயிரம், பேங்க் தருவது 9.5 லட்சம், மானியம் 3.5 லட்சம்.

மானியம் கைக்கு வராது, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பேங்கிலேயே 3 வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். அந்தத் தொகை அளவுக்குக் கடனில் வட்டி ஓடாது. 3 வருடம் யூனிட் ஓடியதை நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடினால் மானியம் திரும்பப் போய்விடும், முழுக் கடனும் உங்கள் தலையில். இந்த அளவு சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் எழுத்தில் கேளுங்கள். மனு ஆன்லைனில்தான். ஆனால் திட்ட அறிக்கையைக் கடலூர் மாவட்ட தொழில் மையத்தில் காட்டி, இந்த ஆண்டுக்கு மனு வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். உணவுப் பதப்படுத்தலுக்கென்றே பிஎம்எஃப்எம்இ என்ற திட்டமும் இருக்கிறது: 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். அதற்கும் இப்போது மனு வாங்குகிறார்களா என்று கேளுங்கள். ஒரே யூனிட்டுக்கு இரண்டையும் வாங்க முடியாது.

இன்னொன்று, 9 லட்சம் சரியான தொகைதானா என்று பார்த்தீர்களா? கிராஜுவிட்டி என்பது கடைசி பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்குவது. ஆட்குறைப்பு இழப்பீடு அதிலிருந்து தனி: வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதோடு நோட்டீஸ் சம்பளம். ராஜினாமா என்று எழுதி வாங்கியிருந்தால் இழப்பீடு கேட்பது கஷ்டம். என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை எடுத்துப் படியுங்கள். பெரிய தொகை அதில் இருக்கிறது.

வரிக்கணக்கு

உங்கள் திட்டத்தில் பெரிய விஷயம் செக்கு இல்லை, முள்ளோடை பார்டர். ரெட்டிச்சாவடியிலிருந்து பாண்டிக் கடைக்கு ஒரு டின் எண்ணெய் அனுப்பினாலும் ஜிஎஸ்டியில் அது வெளிமாநில விற்பனை. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்கு. எல்லை தாண்டிப் பொருள் போனால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்திலும் (சிறு வியாபாரி விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) சேர முடியாது, அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது.

கன்னியக்கோயிலில் போட்டாலும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். கடலூருக்கு அனுப்புவது வெளிமாநில விற்பனை ஆகிவிடும். போதாததற்குப் புதுச்சேரியில் பொருளுக்கும் வரம்பு 20 லட்சம்தான்.

பதிவு எடுத்துவிட்டால் உள்ளூரில் விற்கும் எண்ணெய்க்கும் 5 சதவீதம் வரி வந்துவிடும். பக்கத்தில் பதிவில்லாமல் ஆட்டும் செக்கோடு விலையில் போட்டி போட வேண்டியிருக்கும். அதனால் முதல் வருடம் கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று இந்தப் பக்கமே விற்றுப் பாருங்கள். பாண்டிக்காரர் பைக்கில் வந்து உங்கள் கவுண்ட்டரில் வாங்கிப் போனால் அது உள்மாநில விற்பனைதான், பில்லில் அவர் முகவரி போடாதவரை பிரச்சினை இல்லை. ரோட்டோர ஷெட் என்கிறீர்கள், அந்த வியாபாரத்தையே பெரிதாக்கலாம். பாண்டிக் கடைகளிலிருந்து நிலையான ஆர்டர் எழுத்தில் கிடைத்த பிறகு பதிவு எடுங்கள்.

உத்யம் பதிவு (அரசின் சிறுதொழில் பதிவு) இலவசம், ஆதாரும் பேனும் போதும். பணம் கேட்கும் வெப்சைட் எதுவும் அரசாங்கத்துடையது இல்லை.

வாகை_உலக்கை

செக்கு விஷயத்தைச் சொல்கிறேன். 15 கிலோ பிடிக்கும் செக்கில் ஒரு ஈடு (ஒரு தடவை போட்டு ஆட்டுவது), புண்ணாக்கு வழித்து எடுப்பதையும் சேர்த்து, ஒரு மணி நேரம். நாளுக்கு 7 ஈடு என்றால் 105 கிலோ மல்லாட்டைப் பருப்பு. 100 கிலோ நல்ல பருப்புக்கு 40 முதல் 42 கிலோ எண்ணெய், அதாவது 44 முதல் 46 லிட்டர். புண்ணாக்கு 55 கிலோ சுற்றி. தோலோடு வாங்கினால் 100 கிலோவில் பருப்பு 70 கிலோதான் தேறும். மெஷின்காரர் '2 கிலோவுக்கு ஒரு லிட்டர்' என்று சொல்லியிருப்பார், அதை வைத்துத் திட்ட அறிக்கை போடாதீர்கள். 2.2 முதல் 2.4 கிலோ என்று போடுங்கள். லாபம் நிற்பதும் சாய்வதும் புண்ணாக்கு விலையில். மாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பின் ஈரம் 6 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். விரலில் தேய்த்தால் தோல் உரிந்து வர வேண்டும், ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். ஈரம் கூடினால் புண்ணாக்கு உலக்கையில் ஒட்டும், எண்ணெய் கலங்கலாக இறங்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ரொம்பக் காய்ந்துவிட்டால் மாவாகி எண்ணெய் விடாது. அப்போது கைத்தண்ணீர் தெளித்து ஆட்ட வேண்டும். எள்ளுக்குக் கருப்பட்டி போடுவது கசப்பை மறைக்க மட்டுமில்லை, பிண்டம் பிடித்து எண்ணெய் பிரிவதற்கும்தான். பூசணம் பிடித்த, சுருங்கிய மல்லாட்டையைக் கையால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் அஃப்ளடாக்சின் இருக்கும், அது சாப்பிடுபவர் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. விலை மலிவு என்று அந்த ரகத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

எண்ணெயை அன்றைக்கே பாட்டிலில் அடைக்கக் கூடாது. ஸ்டீல் டிரம்மில் வேட்டித்துணி கட்டி 4 நாள் தெளிய விட வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வாரம். குழாயை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே வையுங்கள், மண்டி கீழேயே தங்கும். இன்னொரு இடத்தை ஃபிட்டரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் பல ஷெட்டுகளில் பார்க்கலாம்: கியர்பாக்ஸ் சீல் கசிந்து கியர் ஆயில் சொட்டுச் சொட்டாக உரல் பக்கம் இறங்கும். கியர்பாக்ஸுக்குக் கீழே தட்டு வைத்து, உரலுக்கு மேலே வராத மாதிரி டிரைவை அமைக்கச் சொல்லுங்கள்.

பருப்பு விலை இறங்குவது பங்குனி, சித்திரை அறுவடையில். விருத்தாசலம் கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்) அப்போது வாங்கி வைக்க நடைமுறை மூலதனம் வேண்டும். பல செக்கு மூடுவது மெஷின் கெட்டு இல்லை, ஆடியில் பருப்பு வாங்கக் காசில்லாமல். உங்கள் 9 லட்சத்தில் 3 லட்சம் இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

எண்ணெயைத் திறந்த டின்னில் அளந்து விற்கக் கூடாது. லேபிளில் மில்லிலிட்டரோடு கிராமும் போட வேண்டும், 1 லிட்டர் என்றால் 910 கிராம். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், பேட்ச், தயாரித்த மாதம், எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும். 'கொலஸ்ட்ராலை விரட்டும்' என்கிற மாதிரி எதுவும் அச்சடிக்காதீர்கள்.

டயல்கேஜ்

எனக்குச் செக்கில் ஆட்சேபம் இல்லை. ஆனால் 16 வருடக் கைவேலையை ஏன் ஓரங்கட்டுகிறீர்கள்? சென்ட்ரிஃப்யூகல் பம்ப் ஓவர்ஹாலுக்கு சிப்காட்டிலும், பாண்டியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்டுகளிலும் எப்போதும் ஆள் தேடுகிறார்கள். மேக்னெட்டிக் பேஸோடு டயல் கேஜ், ஹைட்ராலிக் புல்லர், மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், 1 டன் செயின் பிளாக், பேரிங் ஹீட்டர் போதும், ஷெட்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும். மெக்கானிக்கல் சீல் (பம்ப் ஷாஃப்டில் கசிவைத் தடுப்பது) மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறது என்பார்கள். பெரும்பாலும் சீல் மேல் குற்றம் இருக்காது, ஷாஃப்ட் ரன்அவுட் (சுற்றும்போது ஷாஃப்ட் விலகி ஆடும் அளவு) 0.05 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், அல்லது பைப் இழுப்பில் கப்ளிங் அலைன்மென்ட் போயிருக்கும். சீல் மாற்றும் முன் ரன்அவுட்டும், மாற்றிய பின் அலைன்மென்ட்டும் எடுத்து ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தக் காகிதம்தான் அடுத்த ஆர்டரைக் கொண்டுவரும்.

சர்வீஸுக்குப் பார்டர் தொல்லையும் கிடையாது. வெளிமாநிலத்துக்குச் செய்தாலும் 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கஷ்டம் பில் வசூலில்தான். பி.ஓ. (எழுத்தில் வேலை ஆர்டர்) இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். உத்யம் எண்ணை பில்லில் போடுங்கள். 45 நாளுக்கு மேல் இழுத்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி கேட்க எம்எஸ்எம்இ சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஆனால் வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு இருந்திருக்க வேண்டும்.

ரெட்டிச்சாவடி_ஃபிட்டர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அட்வான்ஸை நிறுத்திவிட்டேன். செக்கு, பம்ப் சர்வீஸ் இரண்டையும் என் பெயரிலேயே வைக்கலாமா? ஆட்டுவதை என் மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

வரிக்கணக்கு

ஒரே உத்யத்தில் இரண்டு தொழிலையும் சேர்க்க முடியும். ஆனால் ஜிஎஸ்டி பதிவு தொழிலுக்குத் தனித்தனியாக இல்லை, பேன் எண்ணுக்கு. எண்ணெய்க்காக ஒருநாள் பதிவு எடுத்தால் பம்ப் வேலைக்கும் 18 சதவீதம் போட்டாக வேண்டும். அவர்கள்தான் உண்மையிலேயே செக்கை நடத்தப்போகிறார்கள் என்றால் செக்கும் மானியக் கடனும் அவர்கள் பெயரில், சர்வீஸ் உங்கள் பெயரில் இருக்கட்டும். கணவன் மனைவியில் ஒருவருக்குத்தான் பிஎம்இஜிபி, அதனால் நீங்கள் தனியாக மனு போட்டுவிடாதீர்கள். பேங்கில் கேள்வி அவர்களிடம்தான் வரும், பயிற்சிக்கும் அவர்கள்தான் போக வேண்டும். 100 கிலோ பருப்புக்கு எத்தனை லிட்டர், புண்ணாக்கு யாருக்குப் போகும் என்ற கணக்கை அவர்களே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஷெட் உங்கள் பெயரில் இருந்தால் அவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள், மனுவோடு அதையும் கேட்பார்கள்.