பொருள்: லீஃப் ஸ்பிரிங் – பட்டைவில்லா, விற்பட்டையா, இலைவில்லா? (புதன்கிழமைக்குள் வேண்டும்)

நாமக்கல், ஐ.டி.ஐ. ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கான செய்முறை ஏடு புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடம் பழைய பொலேரோவின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை (வில்லாக வளைந்த எஃகுத் தகடுகளின் அடுக்கு) மாற்றுவது. வண்டி காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, நாலு பேர் ஏறினால் அச்சு மேலே போய் ரப்பரில் இடிக்கிறது. என் கையில் உள்ள மொழிபெயர்ப்பு இதை 'இலைச்சுருள்' என்கிறது. இதில் சுருள் எங்கே இருக்கிறது? படத்தைப் பார்க்கும் பையன் முன்பக்கத்துச் சுருளைக் கழற்றப் போய்விடுவான். லீஃப் ஸ்பிரிங், அது தொய்வது, அதன் ஒரு முனையைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேர்க்கும் ஷாக்கிள் – இந்த மூன்றுக்கும் சொல் வேண்டும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

வில் வண்டி என்று ஊரில் எல்லோரும் சொன்னோமே! அந்த மாட்டு வண்டியின் அடியில் இருந்தது இதே பொருள்தான். 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி தடையை மீறிப் பொதுத்தெருவில் ஓட்டிய வண்டியையும் வில்லுவண்டி என்றே மலையாளத்தில் சொல்கிறார்கள். ஆக, வில் என்ற பெயர் நூறாண்டுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. நாம் சேர்க்க வேண்டியது பட்டை மட்டும்தான். பட்டைவில்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பட்டைவில் என்றால் பட்டையால் ஆகிய வில். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. விற்பட்டை என்றால் வில்லினது பட்டை. முழு அடுக்கு முன்னது, ஒற்றைத் தகடு பின்னது. ஒரே பொருளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றி எழுதக் கூடாது.

ஆனால் 'இலை' என்பதை 'லீஃப்' என்பதன் நேர்பெயர்ப்பு, ஆங்கில வாடை என்று யாரும் ஒதுக்கினால் ஏற்க மாட்டேன். வேலின் அலகை இலை என்பது சங்க வழக்கு. 'இலைவேல்' என்றே வரும். உலோகத் தகட்டை இலை என்று சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இலைவில் என்பதே என் வாக்கு. வளைவுக்குக் கோட்டம் என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்கிறது குறள். நேராக இருப்பது கொடியது, வளைந்திருப்பது நல்லது என்ற கருத்து இந்தப் பொருளுக்கு அப்படியே பொருந்துகிறது. தொய்வதைக் கோட்டமிழத்தல் என்னலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பாடநூல்களில் ஸ்பிரிங் வில்தான். விற்றராசு என்று படித்தே வளர்ந்தோம். அங்கே நீங்கள் சுருள்வில் தராசு என்கிறீர்கள். வில்லென்றாலே சுருள் என்று எண்ணம் போகாத எங்களுக்குப் பட்டைவில் உடனே விளங்கும். 'தொய்வு'தான் எனக்குச் சங்கடம். இங்கே தொய்வு என்றால் ஆஸ்துமா. 'வாகனத்துக்குத் தொய்வு' என்று எழுதினால் பிள்ளைகள் வேறு விதமாக விளங்கிக்கொள்வார்கள்.

கோவை, பட்டறை வைத்திருப்பவர்:

ஐயா, எங்களிடம் யாரும் இலை என்று கேட்டு வருவதில்லை. 'பட்டை உட்கார்ந்துடுச்சு' என்பார்கள், 'மெயின் பட்டை கட்' என்பார்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. உட்கார்ந்த பட்டையில் விரிசல் ஒன்றும் இருக்காது, வளைவு மட்டும் போயிருக்கும். தட்டையான தரையில் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றுவதும் உண்டு. அடித்த பிறகு முறையாக எண்ணெயில் குளிரவைத்து, திரும்பச் சூடேற்றிப் பதம் பார்க்காவிட்டால் சீக்கிரமே மறுபடி உட்காரும். கூடுதலாக ஒரு பட்டை செருகினால் வண்டி விறைக்கும். சோர்ந்த பட்டைக்குத் தெம்பு வராது. ஏட்டில் இதை அவசியம் எழுதுங்கள். சேஸிஸுக்கு ஸ்டாண்டு, அச்சுக்குத் தனி ஜாக்கி என்பதையும் எழுதுங்கள். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் கழன்றதும் அச்சு தன் பாட்டுக்கு உருளும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

'உட்கார்தல்' அருமையான சொல். தலைப்பில் போட முடியுமா என்பதுதான் கேள்வி. ஷாக்கிளுக்குத் தளை?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தளை என்பது கட்டு. யாப்பிலும் சீரோடு சீரைக் கட்டுவதே தளை. அந்த உறுப்பு கட்டுகிறதா?

கோவை, பட்டறை வைத்திருப்பவர்:

கட்டவில்லை ஐயா, நேர்மாறு. பாரம் ஏறினால் வளைவு குறைந்து பட்டை நீளும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் நீள இடமிருக்காது. அதனால் ஒரு முனை சேஸிஸில் நிலையாக இருக்கும், மறு முனை ஷாக்கிளில் முன்னும் பின்னும் ஆடும். அது துருப்பிடித்து நின்றுவிட்டால் புதுப் பட்டை போட்டும் வண்டி தூக்கிப் போடும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் ஊசல். ஊசல்கண்ணி என்று வைக்கலாம். பட்டையின் முனைச் சுருட்டுக்குக் கண் என்ற பெயர் இருப்பதால் கண்ணியும் இயல்பாக ஒட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஊசல்கண்ணி நல்லாயிருக்கு. ஆனால் கடையில் போய் அதைக் கேட்டு வாங்க முடியுமா? முதல் இடத்தில் மட்டுமாவது ஷாக்கிள் என்றும் எழுதுங்கள்.

நாமக்கல், ஐ.டி.ஐ. ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. நேரமில்லாததால் இப்படி முடிக்கிறேன். முழு அடுக்கு பட்டைவில். தகடு ஒவ்வொன்றும் பட்டை, கண் உள்ளது முதன்மைப் பட்டை. பாடத் தலைப்பில் 'பட்டைவில் தொய்வு', செய்முறைக்குள் 'உட்கார்ந்துவிட்டது'. ஷாக்கிளை ஷாக்கிள் என்றே விட்டு, சொற்பட்டியலில் ஊசல்கண்ணியைச் சேர்க்கிறேன். புஷ் (கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள போல்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டியின் பாரம் தரையில் இறங்கிய பிறகே என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து கிழிந்துவிடும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இலைவில்லையும் கோட்டத்தையும் கைவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுவேன். யூ போல்ட் அப்படியே நிற்கிறதே? 'ப' வடிவம் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம். பகரத் திருகாணி எனலாமே.

கோவை, பட்டறை வைத்திருப்பவர்:

ஐயா, பகரத்துக்கு மூலை உண்டு. பொலேரோவின் அச்சுக் குழாய் உருண்டை, அதைச் சுற்றி வரும் யூ போல்டும் உருண்டைதான். மூலை வைத்த யூ போல்ட் லாரிகளில் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பையன் தப்பானதை வாங்கி வந்துவிடுவான்.