கீழக்கரை வீட்டு மாடிக்குத் தேக்குப் பலகைத் தரை: எந்த ஏர் ஸ்டேப்லர் வாங்கலாம்?

கீழக்கரையான்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வாப்பா கட்டிய வீட்டின் மாடியில் 14-க்கு 18 அடி அறை ஒன்றுக்கு மரத் தரை போட இறங்கியிருக்கிறோம். கீழே கான்கிரீட் தளம், மேலே பழைய சிவப்பு ஆக்சைடு. காரைக்குடியில் பழைய வீடு பிரித்த தேக்கு உத்திரம் வாங்கி, ராமநாதபுரத்தில் ஒரு மில்லில் கொடுத்து 3 அங்குல அகலம், 19 மில்லி கனம், ஒரு பக்கம் நாக்கு மறுபக்கம் காடி என்று இழைத்தும் வாங்கியாயிற்று. தளத்தின் மேல் 18 மில்லி மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை), அதன் மேல் இந்தப் பலகை. இதுவரை வீட்டில் சண்டை இல்லை.

சண்டை பலகையை அடித்து இறக்கும் காற்றுக் கன்னில்தான். ஆசாரி தன்னிடம் இருக்கும் எஃப்30 கன்னே போதும் என்கிறார். மதுரையில் ஒரு கடையில் கேட்டால் சோபா செய்கிறவர்கள் வாங்கிப்போகும் ஏர் ஸ்டேப்லரை எடுத்து மேஜையில் வைத்து இதுதான் தரைக்கும் என்று அடித்துச் சொல்கிறார். மச்சான் ஹூஸ்டனிலிருந்து வருகிறார், அங்கே தரைக்கென்றே தனிக் கன் உண்டாம், போஸ்டிச் கம்பெனியிலேயே ஸ்டேப்பிளுக்கு ஒன்று, கிளீட் ஆணிக்கு ஒன்று, ஃப்ரீமேன் கம்பெனியில் இரண்டையும் அடிக்கிற ஒன்று என்று படம் படமாக அனுப்புகிறார். எதை எடுத்து வரச் சொல்வது? கம்ப்ரஸர் எவ்வளவு பெரிது வேண்டும்? இன்னொன்று, வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம், ஜன்னல் கொண்டியே துருப்பிடித்து உதிர்கிற இடம். இந்த ஸ்டேப்பிள் கம்பி தாங்குமா?

பாம்பன் தச்சு

பாய், ஆசாரியிடம் சண்டை வேண்டாம், ஆனால் எஃப்30-ஐப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். அது பேனலும் பீடிங்கும் அடிக்கிற கன். 18 கேஜ் ஆணி (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்), தலை பெயருக்குத்தான், நீளம் அதிகபட்சம் 30 மில்லி. தரைப் பலகையில் ஆணி நாக்கின் மேல் மூலையில் 45 டிகிரி சாய்வாக இறங்க வேண்டும். அந்த இடத்தில் கீழே சுமார் 10 மில்லி மரம் இருக்கும், சாய்வாகக் கடக்கும்போது அதுவே 14 மில்லி தின்றுவிடும். பிளைவுட்டுக்கு மிஞ்சுவது 16 மில்லி நீளம், ஆழமாகப் பார்த்தால் 11 மில்லி. ஊசி மாதிரி ஒரு கம்பி அவ்வளவு பிடித்துக்கொண்டு ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பலகை ஊதும்போது என்ன செய்யும்? மெல்லக் கழன்று கொடுக்கும், அப்புறம் நடக்கிற இடமெல்லாம் கிறீச்சென்று கத்தும். எஃப்50 இருக்கிறது என்று ஆசாரி சொன்னாலும் அதுவும் 18 கேஜ்தான்.

சோபா கன்னைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது 80 சீரிஸ், 21 கேஜ் கம்பி, ரெக்சினைப் பிடிக்கச் செய்தது. கடைக்காரர் விற்றால் போதும் என்று பார்க்கிறார்.

தரை ஸ்டேப்லர் வேறு சாதி. 15.5 கேஜ் கம்பி, அரை அங்குல முதுகு, ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை கால். அடிப்பாகம் நாக்கின் மேல் சரியாக உட்காரும், சாய்வை அதுவே பார்த்துக்கொள்ளும். விசை கிடையாது, தலையில் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டால் பலகை இறுகுவதும் ஸ்டேப்பிள் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கையால் பிடித்து அழுத்துகிற கன்னில் இந்த இறுக்கம் வராது. கன் கிடைக்காவிட்டால் நாக்கில் டிரில் போட்டுக் கையாலேயே ஆணி அடிக்கலாம், பழைய காலத்தில் அப்படித்தான். இடுப்புதான் போகும்.

தொண்டியிலிருந்து டெக்சாஸ்

நான் இங்கே என் வீட்டுக்கு ஓக் தரை சொந்தமாகப் போட்டவன். தச்சு அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் நீளத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் கடையில் சொல்வதில்லை.

2 அங்குலம்தான் வழக்கமான அளவு. ஆனால் அது மரச் சட்டத்தின் மேல் பிளைவுட் போட்ட அமெரிக்க வீட்டுக்கு. உங்களுக்கு 18 மில்லி பிளைவுட்டுக்குக் கீழே உடனே கான்கிரீட். தச்சு அண்ணன் கணக்கையே போடுங்கள்: 50 மில்லியில் 14 போனால் 36, ஆழம் 25. பிளைவுட்டைத் துளைத்துக் கான்கிரீட்டில் முட்டும், கால் மடங்கும், முதுகு நாக்குக்கு மேலே துருத்தி நிற்கும், அடுத்த பலகை மூடாது. ஒன்றரை அங்குலம் என்றால் 38-இல் 14 போக 24, ஆழம் 17. பிளைவுட்டுக்குள்ளேயே நிற்கும். அதனால் மச்சானிடம் கன் பெயரைவிட முதலில் ஒன்றரை அங்குலம் என்பதை எழுதிக் கொடுங்கள்.

ஸ்டேப்பிளா கிளீட்டா என்பதற்கு இங்கே ஆளுக்கொரு கட்சி. ஸ்டேப்பிளுக்கு இரண்டு கால், அடித்த உடனே பிடி பலம், விலையும் குறைவு. கிளீட் தட்டையான ஒற்றை ஆணி, பக்கத்தில் பல் பல்லாக இருக்கும், பலகை ஊதிச் சுருங்கும்போது கொஞ்சம் அசைய விட்டும் பிடியை விடாது. பிரேசிலியன் செர்ரி மாதிரி இரும்பு போன்ற மரத்தில் ஸ்டேப்பிள் நாக்கைப் பிளந்துவிடும், அங்கே கிளீட்தான். தேக்கு சிவப்பு ஓக்கைவிடக் கடினம் குறைந்த மரம், ஸ்டேப்பிள் தாராளமாகப் போகும். ஆனால் உங்கள் தேக்கு எத்தனை தலைமுறை காய்ந்த உத்திரமோ, சில துண்டு நார் குறுக்கே ஓடி நாக்கிலேயே வெடிக்கும். போஸ்டிச்சில் எம்3எஃப்எஸ் ஸ்டேப்பிள் மட்டும், எம்3எஃப்என் கிளீட் மட்டும். ஃப்ரீமேன் பிஎஃப்எல்618 மூன்று வகையும் ஏற்கும்: ஸ்டேப்பிள், எல் வடிவத் தலைக் கிளீட், டி வடிவத் தலைக் கிளீட். ஒரே அறைக்கு, ஊரில் மாற்றுக் கன் கிடைக்காத இடத்துக்கு, நான் அதைத்தான் சொல்வேன். தினமும் தரை போடுகிறவனாக இருந்தால் போஸ்டிச்.

இன்னொன்று, இந்தக் கன்களின் காற்று வாயில் கால் அங்குல என்பிடி மரை, அதாவது அமெரிக்க அளவு. ஊரில் விற்கும் கப்ளர் (ஹோஸை மாட்டும் இணைப்பு) பிஎஸ்பி, பிரிட்டிஷ் அளவு. என்பிடியில் அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்பியில் 19. முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினால் அலுமினிய வாய் போய்விடும். என்பிடி வால் உள்ள கப்ளர் ஜோடி இரண்டையும் இங்கிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள், ஹோஸ் பக்கம் மட்டும் ஊரில் மாட்டிக்கொள்ளலாம். கம்ப்ரஸர் இங்கிருந்து வேண்டவே வேண்டாம், 110 வோல்ட்.

மண்டபம் மெக்கானிக்

கம்ப்ரஸர் பற்றி நான் சொல்கிறேன், போட் பட்டறையில் தினமும் அதனோடுதான் குடித்தனம். தரை ஸ்டேப்லர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மடக்குக் காற்றுதான் குடிக்கும், பெயின்ட் கன் போலத் தொடர்ந்து இழுக்காது. 2 ஹெச்பி, 50 லிட்டர் டாங்க் இருந்தால் நிம்மதி, 24 லிட்டர் இருந்தாலும் வேலை ஓடும். கன்னுக்கு வேண்டியது 70 முதல் 100 பிஎஸ்ஐ, நம் மீட்டரில் 5 முதல் 7 பார். முதலில் 70-இல் வைத்துத் துண்டுப் பலகையில் அடித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஸ்டேப்பிள் முதுகு நாக்கின் மரத்தோடு சமமாக உட்கார்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் முதுகு புதைந்து நாக்கு கீறும்.

டயர் கடைக் கம்ப்ரஸர் கேட்டால் கிடைக்கும், ஆனால் அந்த டாங்க் எப்போது கடைசியாக வடித்தார்களோ ஆண்டவனுக்கே வெளிச்சம். நம் கடற்கரைக் காற்றை அமுக்கினால் தண்ணீராகக் கொட்டும். ஒரு மழைநாளில் சாயங்காலம் டாங்கின் அடி வால்வைத் திறந்து பாருங்கள், துருக் கலர் தண்ணீர் பீறிட்டு வரும். அது ஹோஸ் வழியாகக் கன்னுக்குள் போனால் உள்ளே இருக்கிற பிஸ்டனும் ஓரிங் என்ற ரப்பர் வளையமும் காலி. காலையும் மாலையும் வடிக்க வேண்டும், கன்னுக்கு முன்னால் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் வாட்டர் டிராப் வைத்த ரெகுலேட்டர் போட வேண்டும். வேலை தொடங்குமுன் காற்று வாயில் ஏர் டூல் எண்ணெய் நாலைந்து சொட்டு. தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். ராத்திரி கன்னைத் தரையிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள், துடைத்து டப்பாவுக்குள் வையுங்கள், ஸ்டேப்பிள் அடுக்கும் மேகஸின் தகட்டில் உப்புப் பூத்தால் ஸ்டேப்பிள் நகராது.

கீழக்கரையான்

காக்காமார்களே, அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. ஒன்றரை அங்குலம் என்பதை மச்சானுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன், அவர் 2 அங்குலப் பெட்டியைக் கூடையில் போட்டு வைத்திருந்தாராம். துரு பற்றி யாரும் சொல்லவில்லையே?

உச்சிப்புளி

துருவா? கம்பி அறைக்குள்ளே மரத்துக்குள்ளே இருக்கப்போகிறது, மழை படாது. கால்வனைஸ் ஸ்டேப்பிள் போதும்.  தேக்கில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை விடும், ஆனால் ஸ்டேப்பிள் நாக்கில் ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சுவரோரத்தில் முதல் இரண்டு வரிசைக்கும் கடைசி இரண்டு மூன்று வரிசைக்கும் இந்தக் கன் நுழையாது, அங்கே மேலிருந்து அடிக்க வேண்டிவரும், அந்த ஆணி மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், ஆசாரியின் எஃப்30-க்கும் ஒரு மரியாதை ஆகிவிடும்.

எனக்குக் கன்னைவிடத் தளத்தில்தான் சந்தேகம். மாடி என்பதால் மண் ஈரம் ஏறாது, சரி. மொட்டை மாடி ஒழுக்கு? பாத்ரூம் சுவர்? ஒன்றரை அடிச் சதுர பாலிதீனைத் தளத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி தாண்டி விடுங்கள், அடியில் முத்து முத்தாக வேர்த்தாலோ தளம் கறுத்தாலோ பலகையை எடுக்காதீர்கள். பிளைவுட்டில் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், மரைன் என்று வாயால் சொல்வது போதாது. பலகையை அறைக்குள் குச்சி வைத்து அடுக்கிக் காற்றாட விட்டு, ஈர மீட்டரால் பிளைவுட்டையும் பலகையையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்த பிறகே முதல் அடி. சுவரைச் சுற்றி முக்கால் அங்குலம் விடுங்கள், ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும். கோடையில் பலகையை இறுக்கிப் போட்டு மழைக்காலத்தில் கூடாரம் போல எழும்பிய தரையை நான் பார்த்திருக்கிறேன், எந்தக் கன் அடித்தாலும் அதைத் தடுக்க முடியாது.

தொண்டியிலிருந்து டெக்சாஸ்

ஸ்டேப்பிளும் இங்கிருந்தே வரட்டும், ஊரில் 15.5 கேஜ் தேடி அலைய வேண்டாம். கணக்கு: 252 சதுர அடி, 3 அங்குலப் பலகை என்றால் 1,008 ஓட்டடி. 7 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 1,700 சொச்சம், பலகை முனைகளுக்குக் கூடுதல், சேதாரம் எல்லாம் சேர்த்து 2,500. முனையிலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி அடியுங்கள், ஓரத்தில் அடித்தால் பிளக்கும். பழைய உத்திரம் என்பதால் கொஞ்சம் கிளீட்டும் கூடவே எடுத்து வரட்டும், வெடிக்கிற பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம். கன் ஐந்து கிலோவுக்குப் பக்கம் வரும், கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான். ஸ்டேப்பிளை அடித்து இறக்கும் டிரைவர் பிளேடு ஒன்று, ஓரிங் செட் ஒன்று உபரியாக வாங்கச் சொல்லுங்கள், பெட்டியில் இடம் பிடிக்காது.

பாம்பன் தச்சு

பலகையை மில்லில் இழைத்தபோது பழைய ஆணியெல்லாம் எடுத்தார்களா என்று கேளுங்கள் பாய். காந்தம் வைத்து ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு அடுக்குங்கள். நாக்கு சரியாக வந்திருக்கிறதா என்பதற்கு ஒரு துண்டைக் கையோடு வைத்திருங்கள், மச்சான் வந்ததும் கன்னின் அடித்தகட்டை அதில் உட்கார வைத்துப் பாருங்கள், ஆடினால் மில்காரரிடம் போங்கள், கன்னில் குற்றம் இருக்காது.