காரில் டிவிஎஸ் டயோடு அடிக்கடி ஷார்ட் ஆகிறது, உதவி தேவை

கேள்வி
வணக்கம். 12 வோல்ட் காரில் எல்எம்2596 ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராகத் தரும் சிப்) வைத்த சின்ன போர்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். உள்ளீட்டில் 3 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து எஸ்எம்பிஜே16ஏ டிவிஎஸ் டயோடு (திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் டயோடு). மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. இப்போது ஃபியூஸ் போகிறது, டயோடு இரண்டு பக்கமும் ஷார்ட் காட்டுகிறது. புதிது மாற்றினேன், அதுவும் போய்விட்டது. 600 வாட் டயோடு இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போகும்?

பதில்
டயோடு போவதற்கு முன்னால் வண்டியில் யாராவது வேலை பார்த்தார்களா? வேறு வண்டியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தீர்களா?

கேட்டவர்
ஜம்ப் ஸ்டார்ட் இல்லை. ஆனால் இரண்டு தடவையும் மெக்கானிக் ஆல்டர்னேட்டரைச் சோதித்தார். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார்.

பதில்
காரணம் அதுதான். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சுருளில் ஓடும் மின்னோட்டம் உடனே குறையாது. அது அடங்கும்வரை மின்னழுத்தம் எகிறும். இதைத்தான் லோட் டம்ப் என்பார்கள். ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை 12 வோல்ட் வண்டிக்கு 79 முதல் 101 வோல்ட் வரை, 40 முதல் 400 மில்லிசெகண்ட் வரை சோதிக்கச் சொல்கிறது.

உங்கள் டயோடின் 600 வாட் என்பது 10/1000 மைக்ரோசெகண்ட் துடிப்புக்கு, அதாவது சுமார் ஒரு மில்லிசெகண்டுக்கு மட்டும். கணக்குப் போடுங்கள்: லோட் டம்ப் 87 வோல்ட், ஆல்டர்னேட்டர் பக்கத்து உள்மின்தடை 2 ஓம், டயோடு அதை 26 வோல்ட்டில் பிடித்து நிறுத்துகிறது. 30 ஆம்பியர் ஓடும், கிட்டத்தட்ட 800 வாட். அதுவும் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுகளுக்கு. உருகாமல் என்ன செய்யும்? போகும்போது ஷார்ட் ஆகி ஃபியூஸைத் தூக்கியது நல்லதுதான், போர்டு தப்பித்தது.

எஸ்எம்8எஸ்24ஏ போடுங்கள், இந்த வேலைக்கென்றே வந்த பெரிய டயோடு. 24 வோல்ட் வரை கடத்தாது, அதனால் 24 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டையும் தாங்கும். உங்கள் எஸ்எம்பிஜே16ஏ 16 வோல்ட்டுக்கானது, அதைத் தாங்காது.

இன்னொருவர்
ஒன்றைக் கவனியுங்கள். எஸ்எம்8எஸ்24ஏ டயோடு அதிகபட்சம் 38.9 வோல்ட் வரை விடும். எல்எம்2596 தாங்கும் உச்சம் 45, அது சரி. உள்ளீட்டு கெபாசிட்டரில் என்ன எழுதியிருக்கிறது?

கேட்டவர்
220 மைக்ரோஃபேரட், 25 வோல்ட்.

இன்னொருவர்
50 வோல்ட் போடுங்கள். 35 போதாது. அப்புறம் டயோடைக் கனெக்டருக்குப் பக்கத்திலேயே, தடிமனான தடத்தில் வையுங்கள். டயோடில் கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் டயோடு முன்னோக்கிக் கடத்தி ஃபியூஸைப் போக்கிவிடும். டயோடுக்குப் பின்னால் ஒரு 1என்4007 (சாதாரண ரெக்டிஃபையர் டயோடு) தொடரில் சேர்த்தால் எதிர்த்துடிப்புகள் ரெகுலேட்டருக்குப் போகாது. லோட் டம்ப் வந்தால் 3 ஆம்பியர் ஃபியூஸ் அப்போதும் போகலாம், ஆனால் மாற்ற வேண்டியது ஃபியூஸ் மட்டும்தான்.

கேட்டவர்
சரி, இரண்டையும் மாற்றுகிறேன். மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

பதில்
டெர்மினலைக் கழற்ற வேண்டியதே இல்லை. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றினால் உங்கள் போர்டு மட்டுமல்ல, வண்டியின் மற்ற எலக்ட்ரானிக்ஸும் அடி வாங்கும்.