ஸ்பிளெண்டர் மார்வெல்: இன்னும் மனசில் உறுத்துகிற ஒரே ஒரு ஆட்டம் (அனுபவப் பகிர்வு)

தெப்பக்குளத்தான்

நானே ஆரம்பிக்கிறேன். எழுதித் தீர்க்காவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

தீபாவளிக்கு மறுநாள், திருமங்கலத்தில் அத்தை வீட்டு மொட்டை மாடி. நான், அத்தை மகன், எட்டாவது படிக்கிற அவன் தங்கச்சி, மூன்று பேர். கல் டோக்கன் கொடுத்து மூன்று வரிசைகளிலிருந்து மார்வெல் நாயகர் கார்டுகளை வாங்கிப் புள்ளி சேர்க்கிற மேசை ஆட்டம், வாங்கிய கார்டின் நிறம் அடுத்த கார்டுக்குத் தள்ளுபடி. அதற்கு மேல் விளக்கப் போவதில்லை, இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும்.

அவெஞ்சர்ஸ் தகடு என்னிடம். வகாண்டா என்னிடம். இன்னொரு ஊர்த் தகடும் என்னிடம். தகடுகளிலேயே 9 புள்ளி. நடு வரிசைக் கார்டுகளில் இன்னொரு 9. ஆக மொத்தம் 18. ஜெயிக்க 16 போதும். அஞ்சு நிறமும் கைவசம் இருக்கிறது. எழுந்து நின்றேன், கைலியை மடித்துக் கட்டினேன், "முடிஞ்சு போச்சுடா மாப்ள" என்றேன்.

அந்தப் பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மச்சான், பச்சைக் கல்லு எங்க?"

பச்சைக் கல் இல்லாமல் ஜெயிக்க முடியாது, அது மூன்றாம் வரிசைக் கார்டோடுதான் வரும். அந்த வரிசையிலிருந்து ஒரு கார்டுகூட நான் வாங்கியிருக்கவில்லை. விலை ஜாஸ்தி, நமக்கெதற்கு என்று அந்தப் பக்கமே போகவில்லை. சரி, அடுத்த முறை வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரே ஒரு கார்டு இருந்தது. அதை அத்தை மகன் ஒதுக்கி வைத்துக்கொண்டான். அவனுக்கு அது தேவையே இல்லை! இரண்டே சுற்றில் தங்கச்சிக்காரி சரியாக 16 எடுத்து, பச்சைக் கல்லோடு முடித்துவிட்டாள்.

தோற்றது போகட்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதுதான் கண்ணை மூடினால் வருகிறது.

மஞ்சள்பை

உங்களுக்காவது பச்சை. எனக்கு மஞ்சள்.

நான் பழைய ஸ்பிளெண்டர் ஆள். 2014இல் வந்தது, ரத்தின வியாபாரிகள், 15 புள்ளி, அந்தக் காலத்து ஆட்டம். வேலைக்குப் போன ஊரில் ஆறு வருஷம் அதையே ஆடியிருக்கிறேன். அதில் மஞ்சள் என்றால் தங்கம். தங்கம் என்றால் ஜோக்கர், எந்த நிறத்துக்குப் பதிலாகவும் கொடுக்கலாம். கை தானாகவே போகும்.

அண்ணன் மகன் பிறந்தநாளுக்கு இந்த மார்வெல் பெட்டியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நான்தான் சொல்லியும் கொடுத்தேன், அதுதான் தப்பு. கார்டை ஒதுக்கும்போதெல்லாம் ஒரு மஞ்சள் எடுத்தேன். கல் குறைந்தபோதெல்லாம் ஒரு மஞ்சள் கொடுத்தேன். ஏழாவது சுற்றோ எட்டாவதோ, பையன் விதித்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

"சித்தப்பா, மஞ்சள் மைண்ட் ஸ்டோனு. ஜோக்கரு இந்தா இருக்கு, சாம்பல் கலரு. ஷீல்டு."

சாம்பல் டோக்கன் அஞ்சும் பெட்டியில் பிரிக்காமலே கிடந்தது. நான் அதை உபரி என்று நினைத்திருந்தேன். சுற்றி உட்கார்ந்திருந்த பொடுசுகள் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அண்ணி அடுப்படியிலிருந்து, "பெரியாளு கள்ளாட்டம் ஆடுறாகளா?" என்று கேட்டார்கள். இன்றுவரை அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும், சீட்டு போட்டாலும், "சித்தப்பா மஞ்சள எடுக்கப் போறாரு" என்கிறான்.

கூட்டல்கழித்தல்

@தெப்பக்குளத்தான், மன்னிக்கவும், இதில் மச்சினி மேலோ மாப்பிள்ளை மேலோ பழியில்லை. ஆட்டத்தின் முடிவு நிபந்தனையே மூன்று: 16 புள்ளி, அஞ்சு நிறத்திலும் குறைந்தது ஒரு கார்டு, கூடவே டைம் ஸ்டோன், அதாவது பச்சைக் கல். அதை மற்றக் கற்கள் மாதிரி நடுவிலிருந்து எடுக்க முடியாது. மூன்றாம் வரிசையில் ஒருவரைச் சேர்த்தால்தான் வரும். விதித்தாளில் தெளிவாக இருக்கிறது.

என் கதை சின்னது. மாட்டுத்தாவணியில் தென்காசி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நண்பனோடு பெட்டி மேலேயே பரப்பி ஆடினோம். பஸ் வந்துவிட்டது. நான் முன்னால் இருந்தேன். அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை.

இனி ஆடுகிறவர்களுக்காகச் சில விஷயம். பழைய ஆட்டத்தில் முதல் வரிசைக் கார்டுகளையே வாங்கிக் குவித்து, அந்தத் தள்ளுபடியில் மேலே ஏறலாம், அல்லது ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய கார்டுகளுக்குத் தாவலாம். இரண்டாவது வழி இங்கே பாதிதான் செல்லும், ஏனென்றால் அஞ்சு நிறமும் கட்டாயம். ஆகவே நாலைந்து கார்டு சேர்ந்தவுடனே ஒரு மூன்றாம் வரிசைக் கார்டைக் குறி வைத்து ஒதுக்கிவிட வேண்டும். அதோடு ஒரு ஷீல்டும் கிடைக்கும். ஒதுக்கியதை எவனும் பிடுங்க முடியாது. ஆனால் மூன்றுக்கு மேல் ஒதுக்க முடியாது, எனவே கண்டதையும் ஒதுக்காதீர்கள். ஒரே நிறத்தில் இரண்டு கல் எடுக்க வேண்டுமென்றால் அந்த அடுக்கில் குறைந்தது நாலு கல் இருக்க வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது நிறத்துக்கு நாலே கல்தான் என்பதால், யாரும் தொடாத அடுக்கில் மட்டும்தான் அது முடியும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அவெஞ்சர்ஸ் தகட்டையும் நம்பாதீர்கள். மூன்று குறி சேர்ந்தால் உங்களுக்கு வரும், அடுத்தவன் உங்களை விட அதிகம் சேர்த்தால் அவனிடம் போய்விடும். அந்த 3 புள்ளி வாடகை வீடு மாதிரி.

தெப்பக்குளத்தான்

விதித்தாள் படித்தேன் சாமி. படித்ததால்தான் வலிக்கிறது. நான் கேட்டது யோசனை இல்லை.

புளியங்கொட்டை

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பத்தாவுக்கு எண்பது இருக்கும். பல்லாங்குழியில் இன்றைக்கும் ஊரில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. லீவுக்குப் போனபோது நானும் அவர்களும் மட்டும். படம் பார்த்துத்தான் ஆடினார்கள். ஹல்க் "பச்சையன்". அயர்ன் மேன் "தகரச்சட்டைக்காரன்". எழுத்துப் படிக்கத் தேவையே இல்லாத ஆட்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விலையெல்லாம் வட்டமும் எண்ணும்தான்.

பாதியில் கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி லைட்டில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரிந்தது. நான் ஒவ்வொன்றாக லைட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர்கள் கல்லை உள்ளங்கையில் வாங்கி, புளியங்கொட்டை மாதிரி ஒரு குலுக்கு குலுக்கி, மடியில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டோக்கன் நல்ல கனம், போக்கர் காசு மாதிரி, சத்தம் கேட்கவே சுகமாக இருக்கும்.

ஆறேழு முறை போன பிறகுதான் கவனித்தேன். ஒரு கார்டுகூட வாங்கவில்லை. "வாங்குங்க அப்பத்தா, கல்லு இருக்குல்ல" என்றேன்.

"வாங்குனா கல்லத் திருப்பிக் குடுக்கணுமாம்ல. கைக்கு வந்தத எவனாச்சும் குடுப்பானா?"

பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றேன். சரி என்று எண்ணி வைத்துக்கொண்டார்கள். ஆரஞ்சு நாலு, ஊதா நாலு, சிவப்பு இரண்டு. இரண்டு பேர் ஆட்டத்தில் நிறத்துக்கு மொத்தமே நாலுதானே! என் கார்டுகள் அத்தனைக்கும் ஆரஞ்சு வேண்டும். அவர்கள் முறை வந்தால் நீலத்தில் ஒன்று எடுப்பார்கள், பத்தைத் தாண்டிவிட்டது என்று அதையே திரும்ப வைப்பார்கள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நான் ஷீல்டுக்காகத் தேவையில்லாத கார்டுகளை ஒதுக்கி, மூன்றும் நிரம்பி, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"உனக்கு வேணும்னா கேளு, தாரேன்" என்று மடியைத் தட்டினார்கள்.

கேட்டேன். தரவில்லை.

கீழவாசல்

எனக்குக் கதையே ஒரு கல்தான். தெரிந்தவர் ஒருவரிடம் பழைய பெட்டியை வாங்கினேன், திறந்தால் பச்சைக் கல் ஒன்று குறைகிறது. நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தருக்கு இல்லை. அம்மா உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பச்சை நிறம், முனை மழுங்கட்டும் என்று ஆட்டுக்கல்லில் தேய்த்துக் கொண்டுவந்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் அந்த வளையல் துண்டுக்குத்தான் சண்டை, அசல் கல்லை எவனும் சீண்டுவதில்லை.

அப்புறம் @மஞ்சள்பை, பழையதை "அந்தக் காலத்து ஆட்டம்" என்று தள்ளாதீர்கள். கணக்கெல்லாம் அதை வடிவமைத்த மார்க் ஆந்த்ரே அதில் செய்து வைத்ததுதான். 2020இல் மேலே புதுச் சட்டை மாட்டி, முடிவில் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். வியாபாரி சுரங்கம் வாங்கினான், வண்டி வாங்கினான், கடை வைத்தான் என்பதில் ஒரு நியாயம் இருந்தது. கல் கொடுத்து ஹல்க்கை வாங்குவது என்ன நியாயம்? அவன் கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

மஞ்சள்பை

அண்ணே, எட்டு வயசுப் பையனிடம் ரத்தின வியாபாரி என்றால் பெட்டியைத் திறக்கவே விட மாட்டான். ஹல்க் என்றதும் சாப்பிடாமல் உட்கார்ந்தான். பூட்டு நல்ல பூட்டு என்றுதான் நான் சொல்வேன். அது இல்லாவிட்டால் தெப்பக்குளத்தார் சும்மா ஜெயித்திருப்பார், இந்தப் பேச்சே வந்திருக்காது.

தெப்பக்குளத்தான்

நன்றி.

புளியங்கொட்டை

@கூட்டல்கழித்தல், உங்களிடம் ஒன்று கேட்கணும். எடுத்த கல்லையே திரும்ப வைத்துக்கொண்டு இருக்கலாமா? அப்பத்தா செய்தது விதிப்படி சரியா?

கூட்டல்கழித்தல்

சரிதான். முறை முடியும்போது பத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எதைத் திரும்ப வைப்பது என்பது அவரவர் இஷ்டம், அப்போது எடுத்ததையும் வைக்கலாம். ஆனால் உங்களிடம் வேறு நிறங்கள் இருந்தன அல்லவா? நீலம், மஞ்சளில் மட்டும் விலை சொல்கிற முதல் வரிசைக் கார்டைத் தேடியிருந்தால்...

புளியங்கொட்டை

தேடினேன் சார். இருட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், சரிதான் என்று நீங்கள் சொன்னதாகச் சொல்கிறேன். பேரனை ஜெயித்ததாகத் தெருவெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள்.