பண்ணையடிமைத் தளையை அறுத்தது சந்தையா, கொள்ளைநோயா?

ஏர்முனை:
"வணிகம் பெருகியது, நகரங்கள் வளர்ந்தன, நிலமானிய முறை சரிந்தது" என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு ஒப்பவில்லை. மேற்கு ஐரோப்பா வாங்கிய போலந்துத் தானியம் விஸ்துலா ஆற்றில் இறங்கி டான்சிக் துறைமுகம் வழியே போனது. அந்த வணிகம் அங்கே யாரை விடுவித்தது? 1496 சட்டப்படி ஓர் ஊரிலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு குடியானவன்தான் வெளியேறலாம். 1520இல் வாரம் ஒரு நாளாவது பிரபுவின் நிலத்தில் கூலியில்லா வெட்டிவேலை கட்டாயமாயிற்று.

துறைமுகத்தான்:
அதே 1496 சட்டத்தை முழுதாகப் படியுங்கள். பிரபுவின் சொந்தச் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. நகரத்தார் நிலம் வைத்திருக்கக் கூடாது. நகரத்தையும் குடியானவனையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். நான் பேசுவது வெறும் வணிகத்தை அல்ல, அதிகாரமுள்ள நகரத்தை.

பிரான்சில் லோரிஸ் ஊருக்கு ஏழாம் லூயி 1155இல் தந்த பட்டயத்தைப் பாருங்கள். வீட்டுக்கும் ஓர் அர்பான் (பழைய பிரெஞ்சு நில அளவு) நிலத்துக்கும் 6 தெனியே (சிறு வெள்ளிக் காசு)தான் வரி. ஓராண்டும் ஒரு நாளும் யாரும் உரிமை கோராமல் அங்கே வாழ்ந்தவன் சுதந்திரன். இப்படிக் காசாக நிலைத்த வரி, நாணயத்தில் வெள்ளி குறையக் குறையக் கரைந்துபோகும். வெட்டிவேலை அப்படிக் கரையாது. பிரபுக்கள் தோற்ற இடம் இதுதான்.

ஏர்முனை:
அந்த ஓராண்டுக் கெடு எல்லாருக்கும் எட்டியதா? இங்கிலாந்தில் சலுகை பெற்ற நகரில் தங்கினால் மட்டும் போதாது, நகரத்தார் தங்கள் கில்டில் (தொழில், வணிகச் சங்கத்தில்) சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். கெடுவுக்குள் பிரபு வழக்கிட்டால் திரும்ப வேண்டியதுதான். ஜெர்மானிய நாடுகளில் 1232இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், பிரபுக்களின் ஆட்களை நகரங்கள் ஏற்கவே கூடாது என்றார். 1348–49 கொள்ளைநோயில் ஆள் அருகிய பிறகுதான் இங்கிலாந்தில் குடியானவன் பேரம் பேசினான். கூலியை நோய்க்கு முந்தைய அளவில் நிறுத்த 1351இல் சட்டம் போட்டும் நிற்கவில்லை.

கணக்கன்:
இத்தாலியின் போலோன்யா நகரை இருவருமே விட்டுவிட்டீர்கள். 1256–57இல் அந்த நகரமே பிரபுக்களுக்குப் பணம் கொடுத்து 5,800க்கும் மேற்பட்ட பண்ணையடிமைகளை மீட்டது. 14 வயதுக்கு மேற்பட்டவருக்கு 10 லிரா, சிறுவருக்கு 8 லிரா. அடிமையிடம் நகரம் வரி வாங்க முடியாது, சுதந்திரனிடம் வாங்கலாம். அந்தக் கணக்கும் இதில் உண்டு. கொள்ளைநோய் வர இன்னும் 90 ஆண்டுகள் இருந்தன.

ஏர்முனை:
போலோன்யாவை ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து இங்கிலாந்தை விளக்க முடியாது. 1381இல் கிளர்ந்தவர்கள் ஏக்கருக்கு 4 பென்ஸ் குத்தகை கேட்டார்கள். மன்னர் ஒப்புக்கொண்டு, பிறகு ரத்து செய்தார். அடுத்த நூற்றாண்டில் அடிமைத்தனம் தேய்ந்ததற்குக் காரணம் ஆள் பஞ்சம்தான்.

துறைமுகத்தான்:
ஜெர்மனியின் எல்பே ஆற்றுக்குக் கிழக்கேயும் ஆள் பஞ்சம் இருந்தது. அங்கே பிரபுக்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள், ஓடிவந்தவனைக் காக்க வலுவுள்ள நகரம் இல்லாததால்.