ஒரே ஹெடர், மூன்று ப்ராசஸர்: சைஸ் சரியா இருந்தும் டேட்டா தப்பா வருது

ஓசூர்_எம்பெடட்:
கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக் குளிர் அறைகளுக்கான வெப்பநிலை நோடு (அளந்து அனுப்புற சின்ன போர்டு) இது. நோடில் கார்டெக்ஸ் எம்0 பிளஸ் (சின்ன ஆர்ம் சிப், ஓஎஸ் கிடையாது), அதன் டேட்டாவை வாங்குற கேட்வேயில் 64 பிட் ஆர்ம் லினக்ஸ், ஆபீஸில் பழைய 32 பிட் எக்ஸ்86 லினக்ஸ். எல்லாத்திலும் ஜிசிசி கம்பைலர், ஒரே ஹெடர் (பொது டெஃபினிஷன் ஃபைல்). ஸ்ட்ரக்டில் (பல ஃபீல்டுகளைச் சேர்த்த சி டேட்டா அமைப்பு) வரிசையா: யூஇன்ட்16 (16 பிட், குறி இல்லாத முழு எண்) நோடு எண், எனம் (பெயர் வெச்ச மதிப்புகளின் பட்டியல்) நிலை, யூஇன்ட்64 நேரம், லாங் எண்ணிக்கை. ஸ்ட்ரக்டை அப்படியே அனுப்புறோம். நோடு, கேட்வே ரெண்டிலும் சைஸ்ஆஃப் 24 பைட். ஆனா கேட்வேயில் நிலை கண்டபடி வருது, எண்ணிக்கை சில சமயம் 400 கோடியைத் தாண்டுது. எக்ஸ்86இல் சைஸே 20. பேக்ட் (ஃபீல்டுகளை இடைவெளி இல்லாம அடுக்கச் சொல்றது) போட்டா தீருமா?

பிட்_வரிசை:
24 = 24ன்னு பார்த்து நம்பினதுதான் சிக்கல். ஆஃப்செட்டைப் பாருங்க, அதாவது ஒவ்வொரு ஃபீல்டும் எத்தனாவது பைட்டில் தொடங்குதுன்னு. நோடின் கம்பைலர் எனத்தை 1 பைட்டா சுருக்கும், அதனால நிலை ஆஃப்செட் 2இல். லினக்ஸில் எனம் 4 பைட், நிலை 4இல். நோடில் லாங் 4 பைட். 16 முதல் 19 வரை எண்ணிக்கை, 20 முதல் 23 வரை பேடிங் (இடம் நிரப்ப கம்பைலர் சேர்க்கும் பைட்) குப்பை. கேட்வேயில் லாங் 8 பைட், அந்தக் குப்பையை மேல்பாதியா எடுத்துக்குது. 32 பிட் எக்ஸ்86இல் ஸ்ட்ரக்டுக்குள்ள யூஇன்ட்64க்கு 4 பைட் அலைன்மென்ட் (4இன் மடங்கில் தொடங்குறது) போதும், கடைசி பேடிங் இல்ல, அதான் 20.

இப்படி மாத்துங்க: யூஇன்ட்64 நேரம் 0இல், யூஇன்ட்32 எண்ணிக்கை 8இல், யூஇன்ட்16 நோடு எண் 12இல், யூஇன்ட்8 நிலை 14இல், யூஇன்ட்8 ரிசர்வ் 15இல். மூணு இடத்திலும் 16 பைட். ரிசர்வில் 0 தான் எழுதணும், இல்லன்னா நாளைக்கு அதைப் பயன்படுத்த முடியாது. சைஸுக்கு மட்டுமில்லாம ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஆஃப்செட்ஆஃப் வெச்சு ஸ்டாட்டிக் அசெர்ட் (கம்பைல் நேரச் சோதனை), ஹெடருக்குள்ளேயே. பில்டில் அந்த ஹெடரை மட்டும் சேர்த்த ஒரு சி ஃபைலை மூணு கம்பைலரிலும் ஓட்டுங்க. தப்பு இருந்தா அங்கேயே நிக்கும்.

தகடூர்_கர்னல்:
பேக்ட் பேடிங்கை மட்டும்தான் எடுக்கும். எனம், லாங் அகலம் அப்படியே வேறவேறதான். மேலும் பேக்ட் ஃபீல்டின் அட்ரஸை சாதா யூஇன்ட்32 பாயின்டரில் போட்டுப் படிச்சா, அலைன் ஆகாத இடத்தில் எம்0 பிளஸ் ஹார்ட் ஃபால்ட் (ப்ராசஸர் தர்ற கடும் பிழை) ஆகும்.

வெப்பநிலையை வெறும் சார்ல வெச்சிருந்தா அதையும் இன்ட்8 ஆக்குங்க. ஆர்மில் சார் அன்சைன்ட். -18 டிகிரி 238ன்னு வரும். எக்ஸ்86இல் சோதிச்சா சரியாவே தெரியும்.

இன்னொண்ணு, சிஸ்டம் ஹெடரின் எண்களை வயரில் (இன்னொரு மெஷினுக்குப் போற டேட்டாவில்) அனுப்பாதீங்க. லினக்ஸில் எக்ஸ்86இன் ஓ_டைரக்ட், ஆர்மின் ஓ_டைரக்டரி ரெண்டும் (ஃபைல் திறக்கும்போது தர்ற ஃபிளாக்) ஆக்டலில் 040000. எண் ஒண்ணு, அர்த்தம் வேற. கர்னலில் ஆர்க்கிடெக்சர் ஹெடர் தன் மதிப்பை முதலில் டிஃபைன் பண்ணும். பொது ஹெடர் இஃப்என்டெஃப் போட்டு விட்டுப்போனதை மட்டும் நிரப்பும். உங்க பின் எண், கிளாக் மாதிரி போர்டுக்குப் போர்டு மாறுறதுக்கு அந்த முறை சரி. வயர் ஃபார்மட்டுக்கு வேண்டாம், அங்க ஒரே மதிப்புதான் இருக்கணும்.

ஓசூர்_எம்பெடட்:
நன்றி. ஆலையில ஏற்கெனவே ஓடுற நோடுகளை ஒரே நாளில் மாத்த முடியாது. அதுக்கு?

பிட்_வரிசை:
நீளத்தை வெச்சுப் பிரிங்க. 16 பைட் வந்தா புதுசு, 24 வந்தா பழசு. பழசை ஸ்ட்ரக்டில் போடாம ஆஃப்செட் 0, 2, 8, 16இலிருந்து முறையே 2, 1, 8, 4 பைட்டா மெம்காப்பி பண்ணுங்க. எண்ணிக்கையை இன்ட்32க்குள்ள எடுங்க, குப்பை வராது.